பழகியது உடம்பு அல்ல, கிருமி!

சித்தப்பாவுக்கு முழங்கைக்குக் கீழே முதலில் ஒரு சிறு கொப்புளம்தான். செம்பனை முள் குத்திவிட்டது என்றார். சுவா வட்டாரத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு முள் குத்துவதெல்லாம் ஒரு செய்தியா? பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த ஆண்டிபயாட்டிக் மாத்திரை நான்கை வாங்கி விழுங்கினார். வீக்கம் சற்று வற்றியதும் நிறுத்திவிட்டார். பத்தே நாளில் அது எலுமிச்சை அளவுக் கட்டியானது, காய்ச்சலும் வந்தது.

மருத்துவமனையில் கட்டியைக் கீறிச் சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவுத் தாளில் பல மருந்துகளுக்கு நேராக 'எதிர்ப்பு உண்டு' என்று குறித்திருந்தது. "என் உடம்புக்கு மருந்து பழகிப்போச்சுப்பா" என்றார் சித்தப்பா. நம்மில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். பழகுவது உடம்பு அல்ல, கிருமி.

அதன் பெயர் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ். பத்துப் பேரில் மூவரின் மூக்கில் சும்மாவே குடியிருக்கும். தோல் கிழிந்தால் உள்ளே புகும். பென்சிலினுக்கு இது பணியாமல் போனதால் 1959இல் மெதிசிலின் வந்தது. 1961லேயே பிரிட்டனில் அதையும் எதிர்க்கும் கிருமியைக் கண்டார்கள்.

பென்சிலின் வகை மருந்துகள், கிருமியின் சுவரைக் கட்டும் புரதத்தைப் பிடித்து முடக்குகின்றன. 'மெக்ஏ' என்ற மரபணு உள்ள கிருமியோ, மருந்தின் பிடிக்குச் சிக்காத வேறொரு புரதத்தைச் செய்து சுவரைக் கட்டிக்கொள்கிறது. இந்த மரபணு அதன் சொந்தச் சரக்கல்ல. வேறு ஸ்டாஃபைலோகாக்கஸ் இனத்திலிருந்து துண்டாக வந்து சேர்ந்தது. ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். சில மருந்துகளை எதிர்க்க இந்த ஒட்டுகூட வேண்டாம். சொந்த மரபணுவில் ஓரிரு எழுத்து மாறினாலே போதும்.

முன்பு இது மருத்துவமனைக்குள் பரவும் தொல்லையாகவே இருந்தது. இப்போது வீட்டிலும் தோட்டத்திலும் இருப்பவர்களுக்கே வருகிறது. அவற்றில் ஒரு வகைக்கு 'வங்காள விரிகுடா' வகை என்றே பெயர். 14 நாடுகளில் கிடைத்த 340 மாதிரிகளின் மரபணுக்களைப் படித்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. 1960களின் தொடக்கத்தில் இந்தியத் துணைக்கண்டத்தில் தோன்றிய இந்த வகை, 1990களில் வேகமாகப் பரவியது என்கிறது அது. பல மருந்துகளை எதிர்க்கும் மரபணுத் தொகுப்பு ஒன்று ஒட்டிக்கொண்டதுதான் காரணம். பயணத்தோடும், ஊரில் உள்ள உறவுகளோடும் சேர்ந்தே அது கடல் கடந்திருக்கிறது. ஊருக்குப் போய்வரும் நமக்கு இது தூரத்துக் கதையல்ல.

சித்தப்பாவின் கிருமி அந்த வகைதானா என்பதை அந்தத் தாள் சொல்லாது. ஆனால் அரைகுறையாக விழுங்கிய நான்கு மாத்திரை என்ன செய்திருக்கும் என்று ஊகிக்கலாம். பலவீனமான கிருமிகள் செத்திருக்கும். எதிர்ப்புள்ளவற்றுக்கு இடம் தாராளமாகக் கிடைத்திருக்கும்.

நம் நாட்டில் ஆண்டிபயாட்டிக் மருந்தை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சட்டம் நம் வீட்டு அலமாரிக்குள் எட்டிப் பார்ப்பதில்லையே!

கீறிச் சீழ் எடுத்ததே பாதி வைத்தியம் என்றார் மருத்துவர். மீதிக்கு, பரிசோதனையில் பலிக்கும் என்று தெரிந்த மாத்திரை கொடுத்தார். காயத்தை மூடி வைக்கவும், துண்டையும் சவரக் கத்தியையும் யாரோடும் பகிராமல் இருக்கவும் சொன்னார். சித்தி சித்தப்பாவுக்கென்று நீலத் துண்டு ஒன்றை ஒதுக்கிவிட்டார்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா, மகனுக்குக் காலில் கட்டி, மாத்திரை மிச்சமிருக்கிறதா என்று கேட்டு வந்தார். சித்தப்பா வெறும் அட்டையைக் காட்டிவிட்டு, பையனைக் கிளினிக்குக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளை எடுத்தார்.