புகையானைக் காப்பாற்றிய பாக்டீரியா

1970-ஐ ஒட்டிய ஆண்டுகள். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவன வயல்களில் நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சிக்கு டயசினான் மருந்து போட்டுவந்தார்கள். திரும்பத் திரும்பப் போட்ட வயல்களில் மருந்து கேட்காமல் போயிற்று. பூச்சிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கே பணியாற்றிய சேதுநாதன் வயல் நீரைச் சோதித்தார். மருந்து பழகிய வயலின் நீரில் டயசினான் வெகு சீக்கிரம் சிதைந்தது. அதைச் சிதைத்த பாக்டீரியாவை அவரும் சக ஆய்வாளர் யோஷிடாவும் பிரித்தெடுத்து 1973-இல் அறிவித்தார்கள். அது பாரத்தியானையும் உடைத்தது.

பாரத்தியான் 1940-களில் ஜெர்மனியில் வேதியியலாளர் ஷ்ராடர் உருவாக்கிய நஞ்சு. அதற்கு முன் எந்த மண்ணும் அதைக் கண்டதில்லை. அப்படியானால், அதை உடைக்கும் மரபணு எங்கிருந்து வந்தது?

ஓ.பி.டி. எனப்படும் அந்த மரபணு இருப்பது பிளாஸ்மிட்டில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையத்தில். அமெரிக்காவில் கிடைத்த இன்னொரு பாக்டீரியாவிலும் அதே மரபணு இருந்தது. இரண்டு பிளாஸ்மிட்டுகளும் அளவில் வேறு. இந்த மரபணுவும் அதன் அக்கம்பக்கமும் தவிர மற்றவை ஒத்துப்போகவில்லை. பஸ் வேறு, பயணி ஒருவர்தான். ஆய்வாளர் சித்தவட்டத்தின் குழு 2003-இல் அந்தப் பகுதியை ஆராய்ந்தபோது, தாவும் மரபணுக்களுக்கே உரிய அமைப்பு அதில் தெரிந்தது.

மரபணு தாவி வந்தது சரி, முதலில் எப்படித் தோன்றியது? 'பாக்டீரியா கற்றுக்கொண்டது' என்று எழுதுவது எங்களைப் போன்ற எழுத்தாளர்களின் சோம்பேறித்தனம். இந்த மரபணு உண்டாக்கும் நொதியின் நெருங்கிய உறவுகள் லாக்டோனேஸ்கள். பாக்டீரியாக்கள் தமக்குள் விடும் வேதிச் சமிக்ஞைகளை வெட்டுபவை. அவற்றில் சிலவற்றுக்குப் பாரத்தியான் வகை நஞ்சை உடைக்கும் திறன் மிகச் சொற்பமாக உண்டு. அப்படிப்பட்ட ஒரு நொதி, சில மாற்றங்களால் இதில் கைதேர்ந்தது என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. களைக்கொல்லியான அட்ரசின் விஷயத்தில் சான்று இன்னும் துல்லியம். அதன் குளோரினைக் கழற்றும் நொதிக்கும், மெலமைனின் அமினோ தொகுதியைக் கழற்றும் நொதிக்கும் 475 அமினோ அமிலங்களில் வித்தியாசம் வெறும் 9.

நஞ்சை உடைக்கும் இந்தப் பாக்டீரியாவை, மருந்தால் கெட்டுப்போன நிலத்தில் ஊற்றிவிட்டால் போதாதா? வெளியிலிருந்து வந்ததை மண்ணின் பழைய குடிகள் எளிதில் வாழவிடுவதில்லை. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அதனால் வேறு வழி பார்த்தது: ஓ.பி.டி.யின் உறவு மரபணு ஒன்றை எடுத்து, பாக்டீரியாவை விட்டுவிட்டு நொதியை மட்டும் தயாரித்தது. அதுவும் பாதி வேலைதான். பாரத்தியான் உடைந்தால் பாரா-நைட்ரோஃபீனால் மிஞ்சுகிறது, அதுவும் நஞ்சு. அதைச் சிதைக்க வேறு மரபணுக்கள் வேண்டும். அவை பெரும்பாலும் வேறு பாக்டீரியாக்களிடம் இருக்கின்றன.