புரதம் ஆக்காத ஆர்.என்.ஏ.யும் புராஸ்டேட் புற்றுநோயும்

பெங்களூர் நகரவாசிகளுக்கு ஏற்படும் புற்றுநோய்களைக் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையத்தார் 1982-ஆம் ஆண்டு முதல் பதிவு செய்து வருகின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் திட்டப்படி மும்பை, சென்னை நகரங்களோடு அங்கும் இப்பணி தொடங்கிற்று. ஆண்களிடையே புராஸ்டேட் புற்றுநோய் பெருகி வருவதை இப்பதிவேடுகள் காட்டுகின்றன.

புராஸ்டேட் என்பது மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்துள்ள சுரப்பியாகும். முதுமையில் இது சாதாரணமாகவே பருப்பதுண்டு, சிறுநீரும் தடைப்படும். புற்றுநோயும் சில வேளைகளில் இதே குறிகளைக் காட்டும். இரண்டையும் பிரித்தறிய இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தை அளப்பது வழக்கம். ஆனால் வெறும் வீக்கத்திலும் அழற்சியிலுங்கூட அது மிகுவதால், ஊசியால் தசையெடுத்துச் சோதிக்கப்படுவோரில் பலருக்குப் புற்றுநோய் இல்லையென்றே தெரிய வருகின்றது.

டி.என்.ஏ.யிலுள்ள கட்டளையைப் படியெடுத்துப் புரதம் ஆக்க உதவுவது ஆர்.என்.ஏ.யின் தொழில் என்று பள்ளிகளில் கற்பிக்கப்படுகின்றது. ஆயினும் மனிதனுடைய டி.என்.ஏ.யில் புரதத்திற்குரிய பகுதி நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவே. எஞ்சிய பகுதியிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ. இழைகள் உண்டாகின்றன. அவற்றுள் 200 அலகுகளுக்கு மேற்பட்டவை 'புரதம் ஆக்காத நீண்ட ஆர்.என்.ஏ.' எனப்படும். எந்த ஜீன் இயங்க வேண்டும், எது ஓய்ந்திருக்க வேண்டும் என்பதை இவற்றுட் சில நிர்ணயிக்கின்றன. தாம் கல் அடுக்காமல் வேலையை நடத்தும் மேஸ்திரிக்கு இவற்றை ஒப்பிடலாம்.

இவ்வகையைச் சேர்ந்த பி.சி.ஏ.3 பற்றி 1999-இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். புராஸ்டேட் புற்றணுக்களில் இது பன்மடங்கு மிகுந்துள்ளது, சிறுநீரிலும் வெளிப்படுகின்றது. ஒரு முறை தசைச் சோதனையில் நோய் காணப்படாதவருக்கு மீண்டும் அச்சோதனை வேண்டுமா என முடிவு செய்ய உதவும் சிறுநீர்ச் சோதனைக்கு 2012-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. ஆனால் நோய் சாதுவானதா, கொடியதா என்பதை இது திட்டமாகக் கூறாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட எஸ்சிஎச்லாப்1 இக்கேள்விக்கு நெருங்கியது. ஜீன்களை ஒழுங்குபடுத்தும் ஒரு புரதக் கூட்டத்தின் வேலையை அது கெடுக்கின்றது. அது மிகுந்த கட்டிகள் பிற உறுப்புக்களுக்குப் பரவும் அபாயம் அதிகம்.

இத்தகைய ஆராய்ச்சி ஒருவருக்குப் பயன்பட வேண்டுமாயின், அவர் முதலில் வைத்தியரிடம் செல்ல வேண்டும். நாணத்தாலும், முதுமையின் இயல்பென்று எண்ணியும் பலர் நோயை மறைக்கின்றனர். இரவில் பன்முறை எழுதல், நீர்த்தாரை மெலிதல், சிறுநீரில் இரத்தம், நீங்காத இடுப்பெலும்பு வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் பரிசோதனை அவசியம். தந்தைக்கோ சகோதரருக்கோ இந்நோய் இருந்திருப்பின் கூடுதல் கவனம் வேண்டும். ஆரம்பத்தில் குறிகளே தோன்றாதிருத்தலும் உண்டு. சிறுநீர்த் தடையுள்ள முதியவர் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இராது என்பதையும், அதைச் சோதித்தே அறிய இயலும் என்பதையும் களப் பணியாளர் அச்சமூட்டாது எடுத்துரைத்தல் நலம்.