கூரையிலும் ஆடையிலும் வந்த தூசி

ஓலை வேய்ந்த வீட்டுக்கு நெருப்பு அச்சம். ஓடு வேய்ந்த வீட்டுக்கு ஆண்டுதோறும் ஓடு மாற்றும் செலவு. இவ்விரு கவலைகளினின்றும் விடுவிப்பதாக நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. விலை மலிவு, கரையான் அரிக்காது, தீப்பற்றாது, ஒரே நாளில் கூரை போட்டு முடித்துவிடலாம். ஆகவே எளியோரின் வீடுகளிலும், வசதியுள்ளோரின் மாட்டுத் தொழுவத்திலும், பள்ளிக்கூடக் கொட்டகையிலும், பங்கு மன்றத்தின் தாழ்வாரத்திலும் அது இடம்பெற்றது. அதன் கீழ்ப் பிறந்து, வளர்ந்து, படித்து, மணமாகிச் சென்றவர்கள் நம்மிடையே பலர். எனினும் அந்தச் சாம்பல்நிறத் தகட்டினுள் இருப்பது யாது என்று நாம் ஒருபோதும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துள்ளது.

கல்நாரின் இயல்பு

ஆஸ்பெஸ்டாஸைத் தமிழில் கல்நார் என்கிறோம். மிகப் பொருத்தமான பெயர். நிலத்தினுள் பாறையாகக் கிடைக்கும் இக்கனிமத்தைப் பிரித்தால் பஞ்சுபோல் இழை இழையாகப் பிரியும். நெருப்பில் எரியாது, நூலாக நூற்று நெய்யவும் இயலும். வெள்ளை, பழுப்பு, நீலம் என இதன் முக்கிய வகைகளை நிறத்தால் குறிப்பிடுவர். கூரைத் தகட்டில் பெரும்பகுதி சிமெண்டே. அதனை இறுகப் பிணைக்கும்பொருட்டு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கல்நார் சேர்க்கப்படுகிறது. கொதிகலன்களின் உறை, கப்பல்களின் உட்சுவர், தண்ணீர்க் குழாய், மோட்டார் வண்டியின் பிரேக் எனப் பல்வேறு பொருள்களிலும் இது பயன்பட்டது.

இக்கல்லின் சிறப்பே இதன் கொடுமையும் ஆயிற்று. இதனை அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும் கண்ணுக்குப் புலனாகாத இழைகள் காற்றில் கலக்கின்றன. மூச்சோடு உட்சென்று நுரையீரலின் ஆழத்தில் தங்கிவிடுகின்றன. உடலில் புகும் அயற்பொருளை விழுங்கி அழிக்கும் காவல் அணுக்களை இறைவன் நமக்கு அளித்துள்ளார். ஆனால் அந்த அணுவினும் நீண்ட இழையை அதனால் விழுங்கவும் இயலாது, கரைக்கவும் இயலாது. பல்லாண்டு நீடிக்கும் இப்போராட்டத்தில் அவ்விடம் புண்பட்டுத் தழும்பேறுகிறது. சிலருக்கு நுரையீரலே இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ் என்னும் நோய் வருகிறது. சிலருக்கு நுரையீரல் புற்றுநோய் வருகிறது. இன்னும் சிலருக்கு நுரையீரலைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்விலோ, வயிற்றின் உட்சவ்விலோ மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோய் தோன்றுகிறது. இந்நோய் கண்டவருள் பெரும்பாலோர் என்றோ ஓர் காலத்தில் கல்நார்த் தூசியைச் சுவாசித்தவர்களே.

இந்நோயின் தனித்தன்மை அதன் காலதாமதம். இன்று சுவாசித்த தூசிக்கு நாளை இருமல் வருவதில்லை. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள், சில வேளைகளில் ஐம்பது ஆண்டுகளும் கழிந்த பின்னரே அது தலைகாட்டுகிறது. இருபது வயதில் வேலைக்குச் சென்ற இளைஞன், பேரன் பேத்திகளைக் கண்டு மகிழும் வயதில் மூச்சுத் திணறலோடு மருத்துவரிடம் போகிறான். தான் முன்னர்ச் செய்த வேலை அவனுக்கே மறந்திருக்கும். தூசியைச் சுவாசித்தோர் அனைவரும் நோயுறுவதில்லை, பெரும்பாலோர் தப்பிவிடுகின்றனர். தூசியின் அளவும் காலமும் கூடக்கூட ஆபத்தும் கூடும். எனினும் இவ்வளவுக்குக் கீழ் அறவே ஆபத்தில்லை என்று உறுதியாகக் கூறத்தக்க எல்லை எதுவும் கண்டறியப்படவில்லை.

தென்னாப்பிரிக்காவின் வடமேற்குக் கேப் பகுதியில் நீலக் கல்நார் தோண்டப்பட்டது. அப்பகுதியோடு தொடர்புடைய 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி வாக்னர் என்னும் மருத்துவ ஆய்வாளரும் அவர்தம் தோழர்களும் 1960ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். அவர்களுள் பலர் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவரல்லர்; அதனருகே வாழ்ந்தவர்கள். இந்நோய் உழைப்பாளியோடு நின்றுவிடுவதில்லை என்பதை உலகம் அன்றே அறிந்திருக்க வேண்டும்.

போ ஆற்றங்கரையில் ஒரு நகர்

அறிந்தும் அறியாததுபோல் உலகம் இருந்ததன் விலையைச் செலுத்திய ஊர்கள் பல. அவற்றுள் ஒன்று வட இத்தாலியில் போ ஆற்றங்கரையில் அமைந்த காசாலே மொன்ஃபெர்ராத்தோ என்னும் சிறு நகர். 1907ஆம் ஆண்டில் அங்கே எதெர்னிட் கல்நார்ச் சிமெண்டுத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. என்றும் அழியாதது என்னும் பொருள்பட வைத்த பெயர் அது. கூரைத் தகடும் குழாயும் செய்த அந்த ஆலையில் வேலை கிடைப்பதை மக்கள் பெரும்பேறாகக் கருதினர். மாதந்தோறும் தவறாத சம்பளம், பிள்ளைகளுக்குப் படிப்பு, வீட்டுக்கு ஒரு பாதுகாப்பு. ஏழைக் குடும்பம் வேறென்ன கேட்கும்?

மாலையில் ஆண்கள் வெண்தூசி படிந்த ஆடையோடு வீடு திரும்பினர். பிள்ளைகள் ஓடிச்சென்று தந்தையைக் கட்டிக்கொண்டனர். மனைவியர் அவ்வாடைகளை உதறித் துவைத்தனர். ஆலையில் எஞ்சிய தூளை ஊரார் வாங்கிச் சென்று முற்றத்தில் பரப்பினர். குளிர் புகாதிருக்க மச்சில் கொட்டினர். இவ்வாறு ஆலையின் தூசி சுவர் தாண்டி அடுக்களைக்கும், குழந்தைகள் விளையாடும் மண்ணுக்கும் வந்தது. யாரும் தீங்கு எண்ணிச் செய்யவில்லை. உழைப்பும் சிக்கனமும் அன்புமே அந்தத் தூசியைச் சுமந்து வந்தன.

ரோமானா பிளாசோத்தி பவேசி என்னும் அம்மையார் அவ்வூரில் வாழ்ந்தார். ஆலையில் வேலை செய்த அவருடைய கணவர் மரியோ 1983இல் மீசோதீலியோமாவால் இறந்தார். பின்னர் அம்மையாரின் சகோதரியும், உறவினர் இருவரும் அதே நோயால் மறைந்தனர். 2004இல் மகள் மரியா ரோசாவும் இறந்தார். ஒரே குடும்பத்தில் ஐவர்! அத்தனை இழப்புக்குப் பின்னரும் அவர் மூலையில் முடங்கிவிடவில்லை. நோயுற்றோர் குடும்பங்களின் சங்கத்துக்குப் பல்லாண்டுகள் தலைமை தாங்கி, நீதிமன்றப் படிகளில் முதுமையிலும் ஏறி இறங்கினார். 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் தம் 95ஆம் வயதில் காலமானார்.

ஆலை 1986இல் மூடப்பட்டது. மறு ஆண்டே நகரத் தலைவர் ரிக்கார்தோ கோப்போ தம் ஊரில் கல்நாரைப் பயன்படுத்தக் கூடாதெனத் தடை விதித்தார். இத்தாலி நாடு முழுவதற்கும் தடைச்சட்டம் வந்தது 1992இல்தான். நீதி மட்டும் மெல்லவே நடந்தது. ஆலையை நடத்திய இரு பெருஞ்செல்வர்களுக்குத் தூரின் நீதிமன்றம் 2012இல் 16 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அத்தீர்ப்புக்குச் சற்று முன்னர், வழக்கிலிருந்து விலகிக்கொண்டால் நகருக்கு ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் யூரோ தருவதாகச் சொல்லப்பட்டது. நகரமன்றம் முதலில் இசைந்தது. மக்கள் கொதித்தெழுந்தமையால் பின்னர் அப்பணத்தை மறுத்துவிட்டது. 2014இல் நாட்டின் உச்ச நீதிமன்றம், வழக்குக்குரிய காலம் கடந்துவிட்டதெனக் கூறித் தண்டனையை நீக்கிற்று. நாற்பது ஆண்டு கழித்து வரும் நோய்க்குச் சட்டத்தின் காலக்கணக்கு எவ்வாறு ஈடுகொடுக்கும்? மக்கள் சோர்ந்துவிடவில்லை. வேறொரு வழக்கில் 2023இல் நொவாரா நீதிமன்றம் முன்னாள் முதலாளிக்கு 12 ஆண்டுத் தண்டனை விதித்தது. 2025 ஏப்ரலில் மேல்முறையீட்டில் அது 9 ஆண்டு 6 மாதமாகக் குறைந்தது.

ஆலை நின்ற இடத்தில் 2016 முதல் ஒரு பூங்கா உள்ளது. பிள்ளைகள் அங்கே விளையாடுகின்றனர். ஆயினும் ஆலை மூடிப் பல பத்தாண்டுகள் கடந்த பின்னரும் அந்நகரில் புதிய நோயாளிகள் தோன்றிக்கொண்டே இருந்தனர். அவர்களுள் மிகுதியானோர் ஆலைக்குள் ஒருநாளும் வேலை செய்யாதவர்கள். கதவை மூடிவிட்டால் கடந்தகாலம் மூடிவிடுவதில்லை.

நம் நாட்டு நிலை

கல்நாரை 60க்கும் மேற்பட்ட நாடுகள் விலக்கிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005இல் தடை நடைமுறைக்கு வந்தது. ஒருகாலத்தில் உலகெங்கும் இதனை ஏற்றுமதி செய்த கனடாவும் 2018இல் தடை செய்தது. அங்கே ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் தாங்கியிருந்த ஊர் 2020இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. நம் நாடோ வெள்ளைக் கல்நாரை வெளிநாடுகளிலிருந்து பேரளவில் வரவழைக்கும் நாடுகளுள் ஒன்றாக விளங்குகிறது. வெள்ளை வகை தீங்கற்றது என வாதிடுவோர் உண்டு. நீல வகையினும் அது தீமை குறைந்ததாயினும், எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கவல்லவை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு.

கல்நார்த் தொழிலாளர்களுக்காக ஒரு நுகர்வோர் கல்வி அமைப்பு தொடுத்த வழக்கில், நம் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் தீர்ப்பளித்தது. தொழிலாளியின் உடல்நலம் அவனுடைய வாழ்வுரிமையின் பகுதியே என்று அது கூறிற்று. மருத்துவப் பதிவேடுகளை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகளோ, வேலையை விட்டபின் 15 ஆண்டுகளோ, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காத்து வைக்குமாறு ஆலைகளுக்குக் கட்டளையிட்டது. இந்நோய் எத்துணைப் பொறுமையோடு காத்திருக்கும் என்பதை அவ்வெண்களே உணர்த்தும்.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

இதனைப் படித்து எவரும் இன்றிரவே கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை. உடையாத தகட்டில் இழைகள் சிமெண்டோடு இறுகியிருக்கின்றன. அவை வெளிவருவது மிகக் குறைவு. அவசரப்பட்டு உடைப்பதே பெருங்கேடு. தகட்டை இயந்திர வாளால் அறுத்தல், துளையிடுதல், காய்ந்த நிலையில் கம்பித் தூரிகையால் பாசி தேய்த்தல் ஆகியவற்றை அறவே தவிர்ப்போம். பழுதின்றி உள்ள கூரைக்கு வண்ணம் பூசுவது இழைகளை அடக்கி வைக்கும். நைந்து உதிரும் கூரையை மாற்றவே வேண்டுமெனில், தகட்டை நன்றாக நனைத்து, ஆணிகளைக் கழற்றி, முழுதாக இறக்க வேண்டும். மேலிருந்து எறியலாகாது. வாயில் துண்டு கட்டிக்கொள்வது போதிய காப்பாகாது. பிள்ளைகளை அவ்விடத்தில் நிறுத்தலாகாது.

புயலுக்குப் பின் தெருவில் சிதறும் துண்டுகளைக் காய்ந்தபடி பெருக்காமல், நீர் தெளித்து எடுத்துத் தடித்த பிளாஸ்டிக் தாளில் கட்டி வைப்போம். அவற்றை இடித்துப் பள்ளம் நிரப்புவது காசாலே மக்கள் முற்றத்தில் தூள் பரப்பியதற்கு ஒப்பாகும். புதுக் கூரை போடுவோர் கல்நார் இல்லாத தகடுகளைக் கேட்டு வாங்கலாம். மன்றமும் பள்ளியும் கட்டும்போது பொறுப்பாளர்கள் இதனை நினைவிற்கொள்வது நன்று.

கூரை வேலை, கட்டட இடிப்பு, கப்பல் உடைப்பு, பிரேக் பழுதுபார்ப்பு ஆகிய தொழில் செய்வோர் வேலையுடையோடு வீட்டுக்குள் வரலாகாது. அவ்வுடையை உதறாமல் நீரில் நனைத்துத் தனியே துவைக்க வேண்டும். பிரேக்கில் படிந்த தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். புகைபிடிப்போர் அதனை இன்றே விட்டொழிப்பாராக. கல்நார்த் தூசியும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து பன்மடங்காகிறது.

கடந்தகாலத்தை மாற்ற இயலாது. ஆனால் நினைவில் வைக்க இயலும். ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றின் நாள்களைக் குறித்து வைக்கும் குடும்ப ஏட்டில், தந்தையோ தாத்தாவோ எந்த ஆலையில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன வேலை செய்தார் என்பதையும் எழுதி வைப்போம். ஓயாத மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை தோன்றினால் அவ்வேட்டை மருத்துவரிடம் காட்டுவோம். நெஞ்சில் நீர் கோத்தால் காசநோய் என்று கருதுவது நம் நாட்டில் இயல்பு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். மருந்துக்குக் கட்டுப்படாதபோது, பழைய வேலையைப் பற்றிய ஒரு வரி மருத்துவருக்குப் புதிய வழியைக் காட்டலாம். மீசோதீலியோமாவை முற்றும் குணமாக்கும் மருத்துவம் இன்னும் எட்டவில்லை. எனினும் ஆயுளை நீட்டிக்கவும் வேதனையைத் தணிக்கவும் வழிகள் உண்டு.

நாற்பது ஆண்டுகள் கழித்து வரும் தீங்கைத் தடுப்போர்க்கு இன்று நன்றி சொல்ல எவருமிலர். தப்பியவனுக்குத் தான் தப்பியது தெரியவே தெரியாது. ஆயினும் நம் பிள்ளைகள் முதுமையிலும் நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி வாழ்வார்களாயின், அதுவே நமக்குக் கைம்மாறு.