வாழையில் வாடல் நோய்: சூடோமோனாஸை எப்போது இட வேண்டும்?

ரஸ்தாளி வாழையில் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கினால் அது பெரும்பாலும் பனாமா வாடல் நோய்தான். தண்டின் அடிப்பகுதி நீளவாக்கில் வெடித்திருக்கும். கிழங்கைக் குறுக்கே வெட்டினால் செம்பழுப்பு நிறத்தில் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். இந்த நிலைக்கு வந்த பிறகுதான் பல விவசாயிகள் என்ன மருந்து ஊற்றலாம் என்று கேட்கிறார்கள். அந்த மரத்தை எந்த மருந்தாலும் காப்பாற்ற முடியாது.

நோயை உண்டாக்குவது ஃபியூசேரியம் என்ற மண்வழிப் பூஞ்சாணம். வேர் வழியாக நுழைந்து, நீர் கடத்தும் குழாய்களை அடைத்துவிடும். வாழை இல்லாத நிலத்திலும் தடித்த உறையுள்ள வித்துகளாகப் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு காலத்தில் உலக ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் ரகம் 1950களில் வணிகச் சாகுபடியிலிருந்து மறைந்ததற்கு இந்த நோயே காரணம். நம் ஊரில் ரஸ்தாளி, விருப்பாட்சி, மொந்தன் ஆகியவை எளிதில் பாதிக்கப்படும். பூவன் தாங்கும்.

மண்ணில் பூஞ்சாணத்தை முழுதாக அழிக்க முடியாது என்பதால், வேரில் அதற்கு இடம் கொடுக்காமல் இருப்பதே வழி. அதைத்தான் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் பாக்டீரியா செய்கிறது. வேரின் மேல் பரவி வாழ்ந்து, மண்ணில் உள்ள இரும்புச் சத்தைத் தன் வசப்படுத்திக்கொள்வதால் பூஞ்சாணம் பட்டினி கிடக்கும். பூஞ்சாணத்தை ஒடுக்கும் பொருள்களையும் சுரக்கும். வாழையின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தூண்டும். ஆனால் இவை எல்லாம் பூஞ்சாணம் வேருக்குள் நுழையும் முன்பு பாக்டீரியா அங்கே குடியேறியிருந்தால்தான் நடக்கும்.

சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் சுற்றுப்பகுதிகளில் புதிதாக வாழை வைப்பவர்கள் கன்றுகளை வெளியூரிலிருந்து வாங்கி வர நேரிடுகிறது. நோய் பெரும்பாலும் அந்தக் கிழங்கோடுதான் வந்து சேரும். நோயில்லாத தோட்டத்தில் எடுத்த ஈட்டி இலைக் கன்றுகளையே வாங்குங்கள். வேர்களையும் நிறம் மாறிய பகுதிகளையும் சீவிவிட்டு, லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் பொடி கரைத்த நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து நடவும். சீவும்போது உள்ளே செம்பழுப்பு தெரிந்தால் அந்தக் கன்றை நடவே கூடாது. திசு வளர்ப்புக் கன்று நோயின்றி வரும், ஆனால் அதன் வேரில் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் இருக்காது. ஆகவே அதற்கும் நடவின்போதே கொடுக்க வேண்டும்.

நிலத்தில் இட, ஏக்கருக்கு ஒரு கிலோ பொடியை 20 கிலோ மட்கிய தொழு உரத்துடன் கலந்து, ஈரம் இருக்கும்போது வேர்ப்பகுதியில் போடவும். மட்காத எருவில் கலந்தால் பலன் குறையும். ரஸ்தாளிக்கு நட்ட 2, 4, 6ஆம் மாதங்களில் கிழங்கில் 45 பாகைச் சாய்வாக 10 செ.மீ. ஆழத்தில் துளையிட்டு, 60 மில்லிகிராம் சூடோமோனாஸ் அடங்கிய கேப்சூலை வைப்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. வேலை அதிகம்தான், சில நூறு மரம் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகும். காப்பர் மருந்து, பிளீச்சிங் பவுடர், ரசாயன உரம் ஆகியவற்றோடு சேர்த்துக் கலக்கக் கூடாது.

ஏரிப் பாசன நிலங்களில் வடகிழக்குப் பருவமழையின்போது நீர் தேங்கினால் வேர் சேதமாகி நோய்க்கு வாசல் திறக்கும். மழைக்கு முன்பே வடிகால் எடுத்துவிடுங்கள். நோய் வந்த வயலில் மறுபடியும் வாழை வைக்காமல் ஒன்றிரண்டு போகம் நெல் பயிரிட்டால் பூஞ்சாணம் குறையும். நெல்லுக்குப் பழகிய இந்தப் பகுதிக்கு இது கடினமான வேலை இல்லை.

வாடிய மரத்தைக் கிழங்கோடு தோண்டி எடுத்து எரித்துவிட்டு, குழியில் 1 முதல் 2 கிலோ சுண்ணாம்பு இடவும். அந்தக் குழியில் பட்ட மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த மரத்துக்குக் கொண்டு போகாதீர்கள். ஐயம் இருந்தால் வெட்டிய கிழங்குத் துண்டோடு காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். பொடி வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். டால்க் பொடியில் பாக்டீரியா சில மாதங்களே வீரியத்தோடு இருக்கும், வெயிலில் வைத்தால் அதற்கும் முன்பே செத்துவிடும்.