மாலை கழற்றிய மறுநாள்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கல்வராயன் மலைப்பகுதி கள்ளச்சாராயத்தை நெடுநாளாக அறியும். குடியை விடுவதாகத் தெய்வத்தின் முன் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொள்ளும் வழக்கத்தையும் நம் மக்கள் அறிவர். ஐயப்பனுக்கு மாலையணிந்த 48 நாளும் மதுவைத் தீண்டாதவர், மாலை கழற்றிய மறுநாளே கடையை நாடுவதைக் காண்கிறோம். விரதம் முடிந்தபின் கைப்பிடிக்க ஆளில்லை.

அத்துணையைத் தரவே 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தோன்றியது. தொடங்கிய இருவரும் குடிநோயாளிகளே. அவர்களுள் ஒருவர் மருத்துவர்! தமிழகத்திலும் அதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன. கட்டணமில்லை, முழுப்பெயர் சொல்லவேண்டியதில்லை. இன்று ஒருநாள் குடிப்பதில்லை என்பதே அங்குச் சங்கற்பம். அவரவர் உணரும் இறைவனிடம் தம்மை ஒப்படைப்பது அதன் 12 படிகளுள் ஒன்று. சரணாகதி அறிந்த நமக்கு அது புதிதா என்ன? குடும்பத்தாருக்கு 'அல்-அனான்' என்னும் தனிக் கூட்டமும் உண்டு.

பல்லாண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் நேரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே கயிறு கட்டுமுன் மருத்துவரைக் காண்பது இன்றியமையாதது. 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். குடிப்பவரே அழைக்கவேண்டும் என்பதில்லை. தாயோ மனைவியோ அழைக்கலாம்.