அறையும் இசைக்கும்

கோல்கொண்டாக் கோட்டையைக் கண்ட நண்பர்கள் அறிவர்: ஃபதே தர்வாசா வாயிலில் கைதட்டினால், குன்றின் உச்சியிலுள்ள பாலா ஹிசாரில் கேட்கும். குதுப்ஷாகி காலத்துக் கட்டடக் கலைஞர்கள் சுவரைக் கொண்டு ஒலியை ஆண்டனர். அதே ஐதராபாத்தில் நாம் குடியிருக்கும் வாடகை அறைகளிலோ, ஒலியைச் சுவர்கள் ஆளுகின்றன! தாளம் 'கும்'மென்று முழங்க, பாட்டின் தமிழ்ச்சொல் அதில் மூழ்கிவிடுகிறது. ஊரைப் பிரிந்து வந்தோர்க்கு இஃது எளிய குறையன்று. ஒலிபெருக்கியைப் பழித்து, மாதப் பணத்தை மிச்சம்பிடித்துப் புதியதொன்று வாங்கத் துணிகிறோம். அதுவும் அவ்வாறே முழங்குகிறது!

காரணம் யாது? ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. என் அறையின் நீளம் சுமார் 3.4 மீட்டர். அலைநீளத்தில் பாதி இந்நீளத்துக்குச் சமமாகும்போது, எதிரெதிர்ச் சுவர்களில் மோதி மீளும் அலைகள் கூடி நிலையலையாகின்றன. கணக்கிட்டால், அஃது 50 ஹெர்ட்ஸ். அவ்வொலி சுவரோரம் ஓங்கும், நடுவில் ஒடுங்கும். 100 ஹெர்ட்ஸிலும் இத்தகைய மேடு பள்ளங்கள் உண்டு.

இங்கேதான் டிஜிட்டல் ஈக்வலைசர் உதவுகிறது. ஒலியை எண்களாக்கி, நாம் குறிக்கும் அலைவெண்ணை மட்டும் கூட்டவோ குறைக்கவோ வல்லது அது. கைப்பேசிச் செயலியாகவும் கிடைக்கிறது. ஓங்கிய மேட்டைச் சில டெசிபல் தணித்தால் முழக்கம் அடங்கும். ஆனால் பள்ளத்தை நிரப்ப முயலாதீர்! அங்கே, செல்லும் அலையும் மீளும் அலையும் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும். 10 டெசிபல் உயர்த்தப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும்; ஒலிபெருக்கிதான் வருந்தும்.

எதிரொலிப்புக்கும் ஈக்வலைசர் மருந்தாகாது. ஷாபாத் கல் தளமும் வெறுஞ்சுவரும் ஒலியை எளிதில் விழுங்குவதில்லை. ஓரெழுத்து அடங்குமுன் அடுத்தது வந்து மோதும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் விரிவுரைக் கூடத்தில் ஒரு சொல் சுமார் 5.5 வினாடி நின்று ஒலித்தது. 1895-இல் அதை ஆராயத் தொடங்கிய வாலஸ் சபைன், அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து அடுக்கி அளந்தார். மெத்தை கூடக் கூட, ஒலி நிற்கும் நேரம் குறைந்தது!

ஆகவே நண்பர்களே, வரிசை இதுவே: நாற்காலியைச் சுவரிலிருந்தும், ஒலிபெருக்கியை மூலையிலிருந்தும் நகர்த்துங்கள். ஜமுக்காளம் விரித்து, பகலில் சுருட்டி வைக்கும் மெத்தையைச் சுவரில் சாத்துங்கள். எஞ்சிய முழக்கத்தை மட்டும் ஈக்வலைசரால் தணியுங்கள். என் அறையில் இவ்வாறே செய்தேன். ஒரு காசும் செலவில்லை. பாடுபவர் சொல்லும் சொல் இப்போது தெளிவாகக் கேட்கிறது.