இரண்டாயிரத்துக்குப் பட்டியல் உண்டு, மற்றதற்கு?

பி.எம். கிசான் இணையதளத்தில் 'பயனாளிகள் பட்டியல்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், அந்த ஊரில் தவணைப் பணம் வாங்குகிறவர்களின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2019 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டம். நிலமுள்ள விவசாயிக்கு மூன்று தவணையாக ஆண்டுக்கு 6,000 ரூபாய்.

இத்தனை வெளிப்படையான திட்டத்தில்தான் 2020-ல் தமிழ்நாடே அதிர்ந்த மோசடி நடந்தது. ஊரடங்கு நேரத்தில் அதிகாரிகளின் கடவுச்சொல் இடைத்தரகர்களுக்கும் கம்ப்யூட்டர் சென்டர்களுக்கும் போனது. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்கள் விவசாயி ஆனார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம் என்று பல மாவட்டங்களில் தகுதியில்லாத சுமார் ஐந்தரை லட்சம் பேருக்கு 110 கோடி ரூபாய் போயிருப்பதாக அப்போது வேளாண் துறைச் செயலாளராக இருந்த ககன்தீப் சிங் பேடி சொன்னார். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, கைதுகள் நடந்தன, ஒப்பந்த ஊழியர்கள் வேலை இழந்தார்கள்.

பட்டியல் திறந்திருந்தும் பயன் இல்லையே, ஏன்? பார்க்க வேண்டியவர்கள் கண்ணில் அது படவில்லை. ஒருவருக்கு நிலம் இருக்கிறதா என்று டெல்லி சர்வருக்குத் தெரியாது. பக்கத்து வயல்காரருக்குத் தெரியும். பெயர்களை ஊராட்சியில் ஒட்ட வேண்டும் என்று திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது. உங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் அப்படி ஒன்றைப் பார்த்த ஞாபகம் உண்டா?

நாடு முழுவதற்குமான கணக்கும் கேட்ட பிறகுதான் வந்தது. தகுதியற்ற 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி ரூபாய் போயிருக்கிறது, அவர்களில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுகிறவர்கள் என்பது ஓர் ஆர்.டி.ஐ. மனுவுக்கு மத்திய வேளாண் அமைச்சகம் தந்த பதிலில் இருந்த விவரம். இன்னொரு பக்கம், கோயில் நிலத்தில் தலைமுறையாக உழுகிற டெல்டா குத்தகைதாரருக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. பட்டா அவர் பெயரில் இல்லையே!

பெயரை வெளியிட்டால் அந்தரங்கம் என்னாவது என்ற கேள்வி நியாயமானது. ஐரோப்பாவில் இது நீதிமன்றம் வரை போனது. ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பண்ணை நிறுவனமும் ஒரு விவசாயியும் தொடுத்த வழக்கில், வேளாண் மானியம் வாங்கும் தனிநபர்களின் பெயர்களை வரம்பில்லாமல் வெளியிடுவது செல்லாது என்று 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதோடு அவர்கள் கதவைச் சாத்திவிடவில்லை. 2013-ல் புதிய விதி வந்தது. பொதுவாக ஆண்டுக்கு 1,250 யூரோவுக்கு மேல் வாங்கினால் பெயர் வெளியே வரும்; அதற்குள் வாங்கும் சிறு விவசாயியின் பெயர் மறைந்திருக்கும்.

நம் ஊரில் தலைகீழ். 2,000 ரூபாய் வாங்குகிறவர் பெயர் ஊரறியக் கிடைக்கிறது. பெரிய பணத்துக்குப் பட்டியலைத் தேட வேண்டியிருக்கிறது. 266 ரூபாய் 50 காசு கொடுத்து நாம் வாங்கும் 45 கிலோ யூரியா மூட்டையின் மீதி விலையை அரசு உர நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. சிறு, குறு விவசாயிக்கு நூறு சதவீத மானியத்தில் போடப்படும் சொட்டுநீர்க் குழாய்க்கான பணமும் நிறுவனத்துக்கே போகிறது. அந்தக் குழாய் எந்த வயலில் இருக்கிறது, இன்னும் ஓடுகிறதா என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா?

மானியப் பயனாளிகளின் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு. ஆனால் 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதே சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தி, 'தனிப்பட்ட தகவல்' என்ற விலக்கை அகலமாக்கிவிட்டது. கோப்பை மூடி வைக்க நினைக்கும் அலுவலருக்கு இது போதும். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் யாருக்கும் தேவையில்லை. பெயர், திட்டம், தொகை, இந்த மூன்றை மறைக்க எந்த நியாயமும் இல்லை.

அடுத்த கிராம சபைக்குப் போகிறவர்கள் வேளாண்மை, தோட்டக்கலைத் துறைகளின் மானியப் பட்டியலை அங்கேயே வாசிக்கச் சொல்லுங்கள். பட்டியல் வரவில்லை என்றால், வரவில்லை என்பதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.